மலையகத்திற்குப் பல்கலைக்கழகம்: கொடையன்று, கடன்

மலையகத்திற்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற கோரிக்கை எழும்போதெல்லாம் மூன்று குரல்கள் எதிரே எழுகின்றன. "பேராதனையும் கொழும்பும் யாழ்ப்பாணமும் உங்களுக்குத் திறந்துதானே இருக்கின்றன, தகுதி இருந்தால் வாருங்கள்" என்பது ஒரு குரல். "தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வேண்டியது பட்டமன்று, கைத்தொழில், தையலும் தச்சும் கற்பித்தாற் போதும்" என்பது இரண்டாவது குரல். "ஒரு சமூகத்தை எண்ணிப் பல்கலைக்கழகம் கேட்பது நாட்டைக் கூறுபோடுவதாகும்" என்பது மூன்றாவது. முதற்குரல் நீதி பேசுகிறது. இரண்டாவது இரக்கம் பேசுகிறது. மூன்றாவது தேசபக்தி பேசுகிறது. ஆனால் மூன்றும் போய்ச் சேரும் இடம் ஒன்றே: தோட்டத் தொழிலாளியின் பிள்ளை இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்பதுதான் அது. இக்குரல்களுக்கு மறுமொழி கூறுவது, இந்த மலைகளில் எழுத்தறிவிப்பதைத் தொழிலாகக் கொண்ட எமது கடமை என்று கருதுகிறோம்.

கதவு திறந்திருக்கிறது என்கிறார்கள். அந்தக் கதவு எப்போது, யாருக்குத் திறந்தது என்று வரலாற்றைக் கேட்போம்.

கோப்பித் தோட்டங்களுக்கென்று தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து எம் முன்னோர் இட்டுவரப்பட்டது 1820களில். மன்னார்க் கரையில் இறங்கிக் கால்நடையாகக் காடு கடந்து வந்த அம்மக்களின் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் பொறுப்பைத் தோட்டத்துரையின் மேல் ஒரு சட்டம் சுமத்தியது 1907ஆம் ஆண்டில். ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழிந்த பின்னர்! அந்தக் கிராமியப் பாடசாலைகள் சட்டம்தான் என்ன கூறியது? ஆறு வயது முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழியிற் கல்வி புகட்ட வசதி செய்ய வேண்டும் என்றது. பத்து வயதோடு கல்வி முடிந்துபோவது ஏன்? பத்து வயதுக்குப் பின் பிள்ளையின் விரல்கள் கொழுந்துக்கு உரியவை. அரைப்பேருக்குக் கூடை சுமக்கும் ஆள் தோட்டத்துக்குத் தேவை. ஆக, எங்கள் கல்வியின் எல்லையைக் கல்விமான்கள் வகுக்கவில்லை. கொழுந்து நிறுக்கும் தராசு வகுத்தது.

அவ்வாறு பிறந்த தோட்டப் பாடசாலை எத்தகையது என்பதை முதியோர் அறிவர். ஒற்றை அறை, ஒற்றை ஆசிரியர், ஐந்தாம் வகுப்பு வரையில் ஒன்றாக அமர்ந்திருக்கும் பிள்ளைகள். கையெழுத்துப் போடத் தெரிந்தவுடன் பிள்ளையின் பெயர் பாடசாலை இடாப்பிலிருந்து நீங்கிச் செக்ரோல் புத்தகத்தில் ஏறிவிடும். மேலே படிக்க விரும்பியவன் நகரத்து மிஷன் பாடசாலைக்குப் போக வேண்டும். அதற்குப் பணம் வேண்டும், உடுப்பு வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகத் துரையின் மனமும் கோணாதிருக்க வேண்டும்.

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றிற்று. 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. இந்நாட்டு ஏழை மக்களுக்குக் கிடைத்த பெருஞ்செல்வம் அது. அதனை நாம் குறைத்துப் பேசமாட்டோம். ஆனால் அந்தச் செல்வத்துக்கு முதல் வைத்தவர் யார்? ஏற்றுமதித் தேயிலையின்மீது விதிக்கப்பட்ட தீர்வை அன்றைய அரச வருவாயின் பெருந்தூண்களில் ஒன்றாக இருந்தது. எங்கள் தாய்மார் மழையில் நனைந்து பறித்த கொழுந்து நாட்டின் பாடசாலைகளுக்குக் கூரை போட்டது. அதே வேளையில் தோட்டப் பாடசாலைகள் அரச பாடசாலைகளாகவில்லை. அவை தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே விடப்பட்டன. 1972 முதல் 1975 வரையில் தோட்டங்கள் அரசுடைமையான பின்னர்தான், 1970களின் பிற்பகுதியில், அவை படிப்படியாக அரசின் பொறுப்புக்கு வந்தன. நாட்டுக்கு 1945இல் வந்த இலவசக் கல்வி லயத்துக்கு வந்து சேர முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இடையில் நிகழ்ந்தவற்றையும் மறந்துவிட வேண்டாம். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் சென்றனர். கொட்டகலைத் தொகுதி கே. குமாரவேலுவை அனுப்பியது, தலவாக்கலைத் தொகுதி கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையை அனுப்பியது. மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் கணக்கிட்டுப் பங்கு பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரின் தலைவிதி பின்னர் பேசித் தீர்ப்பதற்கென்று ஒத்திவைக்கப்பட்டது. நாடற்றோர் என்ற நிலை சட்டத்தின் மூலம் முடிவுக்கு வந்ததோ 2003இல். நாளை எந்த நாட்டில் இருப்போம் என்று அறியாத தகப்பன் எந்தப் பல்கலைக்கழகத்தை எண்ணி மகனைப் படிக்கவைப்பான்? 1952இல் பேராதனையில் வளாகம் எழுந்தது. கொட்டகலை மலைகளிற் பெய்யும் மழை கொத்மலை ஓயாவில் இறங்கி, மகாவலியிற் கலந்து, அந்த வளாகத்தின் ஓரமாகத்தான் ஓடுகிறது. மழைநீர் போய்ச் சேர்ந்த இடத்துக்குத் தோட்டத்துப் பிள்ளை போய்ச் சேர்ந்தது அபூர்வம்.

இன்னொன்றையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கொட்டகலையை அடுத்த தலவாக்கலையில், சென்ட் கூம்ஸ் தோட்டத்தில், தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1925இல் நிறுவப்பட்டது. தேயிலைச் செடிக்கு என்ன நோய், எந்த மண், எவ்வளவு உரம், எப்போது கவ்வாத்து என்று நூறு ஆண்டுகளாக அங்கே விஞ்ஞானிகள் ஆராய்ந்து வருகின்றனர். நல்ல காரியமே. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தேயிலைத் தொழில்நுட்பத்திற் பட்டமே வழங்குகிறது. அதுவும் நல்லதே. செடி பல்கலைக்கழகத்தில் நுழைந்துவிட்டது. செடியை வளர்த்தவர்களின் வாழ்வையும் நோயையும் மொழியையும் வரலாற்றையும் ஆராய ஒரு பல்கலைக்கழகம் எங்கே? 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் நுவரெலியா மாவட்டத்து மக்களிற் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியத் தமிழர் என்று பதிவாயினர். அந்த மாவட்டத்தில் முழுமையான அரச பல்கலைக்கழகம் ஒன்றேனும் இல்லை.

"மாவட்டக் கோட்டா இருக்கிறதே" என்பர். உண்டு. கலைத்துறை தவிர்ந்த பெரும்பாலான துறைகளில் 40 வீதம் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்பது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் முறை. நுவரெலியாவும் பதுளையும் பின்தங்கிய 16 மாவட்டங்களின் பட்டியலில் உள்ளன. ஆனால் மாவட்டம் வேறு, தோட்டம் வேறு. ஒரே மாவட்டத்துக்குள் நகரத்துப் பாடசாலையில் ஆய்வுகூடத்தோடும் தனிவகுப்போடும் படித்த பிள்ளையும், பௌதிகவியல் ஆசிரியரையே காணாத தோட்டத்துப் பிள்ளையும் ஒரே வரிசையில் நிறுத்தப்படுகிறார்கள். வெளிமாவட்டத்தார் இங்கு வந்து பதிந்து பரீட்சை எழுதி இடங்களைப் பெறுகிறார்கள் என்ற முறைப்பாடும் நெடுங்காலமாக உண்டு. தமிழ்மொழியில் உயர்தர விஞ்ஞானமும் கணிதமும் ஒழுங்காகக் கற்பிக்கக்கூடிய பாடசாலைகள் மலையகத்தில் மிகச் சில. எனவே எங்கள் பிள்ளைகள் கூட்டங்கூட்டமாகக் கலைத்துறையில் ஒதுங்குகிறார்கள். அங்கேதான் மாவட்ட ஒதுக்கீடு கிடையாது. நாடளாவிய திறமைப் பட்டியல் ஒன்றே அளவுகோல். பின்தங்கியவன் என்று ஒரு கையால் சலுகை எழுதி, அவன் செல்லக்கூடிய துறையில் மறு கையால் அதை அழித்துவிடுவதற்கு "திறந்த கதவு" என்று பெயர்!

இனி இரண்டாவது குரல். "கைத்தொழில் போதும்" என்பது இரக்கத்தின் மொழிபோல ஒலிக்கும். இது மலையகத்துக்கென்று புதிதாகப் பிறந்த வாதமன்று. பருத்தித் தோட்டங்களில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே பேசப்பட்டது. அமெரிக்க நீக்ரோ மக்கள் என்று அந்நாட்களில் வழங்கப்பட்ட கறுப்பின மக்களின் பல்கலைக்கழக வரலாற்றை எமது ஆசிரியர்களும் மாணவர்களும் ஊன்றிப் படிக்க வேண்டும். அவர்கள் சந்தையில் விற்கப்பட்ட அடிமைகள்; எம்மவர் துண்டு முறையாலும் கடனாலும் கட்டுண்ட கூலிகள். இரண்டும் ஒன்றல்ல. ஆயினும் தோட்டம் என்ற அமைப்பு எழுத்தறிவைக் கண்டு அஞ்சிய விதம் ஒன்றே. அங்கே அடிமைக்கு எழுதப் படிக்கக் கற்பிப்பதையே பல தென்மாநிலங்களின் சட்டங்கள் குற்றமாக்கின.

மிசிசிப்பி மாநிலத்தில் ஓக்லண்ட் கல்லூரி என்று ஒன்று இருந்தது. வெள்ளைத் தோட்ட முதலாளிகளின் புதல்வர்கள் படித்த இடம். உள்நாட்டு யுத்தத்தோடு அது மூடப்பட்டது. 1871இல் அதே கட்டடங்களை மாநில அரசு வாங்கி, விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கென்று அல்கோர்ன் பல்கலைக்கழகத்தை நிறுவியது. அமெரிக்க செனட் சபையில் அமர்ந்த முதற் கறுப்பினத்தவரான ஹைரம் ரெவல்ஸ் அதன் முதல் தலைவரானார். ஆண்டுக்கு 50,000 டொலர் வழங்குவதாக மாநிலம் வாக்களித்தது. முதலாளிகளின் பிள்ளைகள் அமர்ந்த வாங்குகளில் அவர்களுடைய அடிமைகளின் பிள்ளைகள் அமர்ந்தனர்.

அடுத்து நடந்ததுதான் எமக்குப் பாடம். அரசியல் அதிகாரம் மீண்டும் வெள்ளை முதலாளிகளின் கைக்குப் போனதும் அந்த மானியம் வெட்டிக் குறைக்கப்பட்டது. 1878இல் "பல்கலைக்கழகம்" என்ற பெயரும் பறிபோய் "வேளாண்மை கைத்தொழிற் கல்லூரி" என்ற பெயர் வந்தது. பெயர்ப்பலகையில் நிகழ்ந்த மாற்றம் வெறும் எழுத்து மாற்றமன்று. உழவும் தச்சும் உனக்குப் போதும், சட்டமும் தத்துவமும் மருத்துவமும் உனக்கெதற்கு என்ற தீர்ப்பு அது. 1890இல் வந்த இரண்டாம் மொரில் சட்டம், கறுப்பினத்தவரைச் சேர்த்துக்கொள், அல்லது அவர்களுக்கு வேறு கல்லூரி வை என்று மாநிலங்களுக்குக் கூறியது. தென்மாநிலங்கள் வேறு கல்லூரி வைத்தன. வைத்துவிட்டுப் பட்டினி போட்டன. கைத்தொழிலே போதும் என்று புக்கர் வாஷிங்டன் சமாதானம் பேசிய காலத்தில், உயர்கல்வியைத் துறக்கும் சமூகம் தலைமையையும் துறக்கிறது என்று வாதாடியவர் டூ போய்ஸ். வரலாறு யார் பக்கம் நின்றது?

கைத்தொழிலுக்கென்று ஒதுக்கப்பட்ட அந்தக் கல்லூரிகளே விடை கூறின. அல்கோர்னில் 1952இல் பட்டம் பெற்ற மெட்கர் எவர்ஸ், 1954இல் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார், மறுக்கப்பட்டார். சம உரிமைப் போராட்டத்தின் முன்வரிசையில் நின்ற அவரை 1963இல் வெறியன் ஒருவன் சுட்டுக் கொன்றான். வட கரோலினாவின் வேளாண்மை தொழில்நுட்பக் கல்லூரியிலிருந்து 1960 பெப்ரவரி முதலாந் தேதி நான்கு மாணவர்கள் புறப்பட்டுப் போய், வெள்ளையருக்கு மட்டும் உணவு பரிமாறிய கடை மேடையின் முன்னே அமர்ந்தனர். அந்த நால்வர் மூட்டிய தீ தென்மாநிலங்கள் எங்கும் பரவிற்று. எட்டு ஆண்டுகளின் பின், 1968 பெப்ரவரியில், தென் கரோலினா மாநிலக் கல்லூரியில் பொலிசாரின் துப்பாக்கிக்கு மூன்று இளைஞர்கள் பலியாயினர். உழவு கற்றால் அடங்கியிருப்பார்கள் என்று எண்ணியவர்கள் ஏமாந்தார்கள். நாலு பேர் கூடிப் புத்தகம் படிக்கும் இடத்தில் அடிமைத்தனம் நெடுநாள் தங்காது.

அவர்கள் கடனைக் கேட்கவும் தவறவில்லை. மிசிசிப்பியில் ஜேக் எயர்ஸ் என்ற கறுப்பினத் தந்தை, கறுப்பினப் பல்கலைக்கழகங்களுக்கு மாநிலம் வஞ்சனை செய்ததென்று 1975இல் வழக்குத் தொடுத்தார். 1992இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் மாநிலத்தின் பொறுப்பை எடுத்துரைத்தது. 2002இல் ஏறத்தாழ 50 கோடி டொலர் தருவதாக உடன்பாடு ஏற்பட்டது. 2023 செப்டெம்பரில் அமெரிக்க மத்திய அரசின் கல்வி, வேளாண்மை அமைச்சர்கள் 16 மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினர். 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த கறுப்பினப் பல்கலைக்கழகங்களுக்கு முப்பது ஆண்டுகளில் நியாயமாகச் சேரவேண்டிய பணத்தில் ஏறத்தாழ 1,300 கோடி டொலர் குறைந்திருக்கிறது என்று கணக்குக் காட்டினர். கொடுக்காத கொடையை யாரும் கணக்கிடுவதில்லை; கொடுக்காத கடனையே கணக்கிடுவார்கள்.

இப்போது எமது கொட்டகலைக்குத் திரும்புவோம். இங்கே அரசினர் ஆசிரியர் கலாசாலை இருக்கிறது. பத்தனையில், 1990களின் தொடக்கத்தில் ஜெர்மன் உதவியோடு எழுந்த ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது. தோட்டப் பாடசாலைகளின் ஆசிரியப் பஞ்சத்தைத் தீர்க்கப் பிறந்தது அது. அதன் இடங்களிற் பெரும்பங்கு மலையகப் பிள்ளைகளுக்கா என்ற வாக்குவாதம் தொடக்கத்திலேயே எழுந்தது. எமக்கென்று ஒன்று எழும்போது அதை அளந்து பார்க்கும் கண்கள் மிகப் பல! இவ்விரு நிறுவனங்களும் செய்த பணி பெரிது. கொழுந்துக் கூடையிலிருந்து கரும்பலகைக்கு ஒரு தலைமுறையை ஏற்றிவிட்ட பாலம் ஆசிரியத் தொழில்தான். எம்மைப் போன்றோர் இன்று எழுதுகிறோம் என்றால், அந்தப் பாலத்தில் எமக்கு முன்னே நடந்த ஆசிரியர்களின் புண்ணியம் அது.

ஆனால் பாலமே ஊராகிவிடாது. ஆசிரியனை உருவாக்கும் கல்லூரி அவன் கற்பிக்க வேண்டிய அறிவை உருவாக்குவதில்லை. அது பல்கலைக்கழகத்தின் வேலை. மலையகப் பிள்ளை ஆசிரியனாகலாம், அதற்குமேல் ஆசைப்படவேண்டாம் என்று எழுதாச் சட்டம் ஒன்று நிலவுகிறது. தச்சும் தையலும் இழிந்தவை என்று நாம் கூறவில்லை. உழைப்பை இழிவென்று நினைப்பவன் முற்போக்கு எழுத்தாளன் ஆகமாட்டான். தச்சுப்பட்டறை எல்லார் பிள்ளைகளுக்கும் என்றால் எங்கள் பிள்ளைகளுக்கும் இருக்கட்டும். எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் தச்சுப்பட்டறை, மற்றவர் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகம் என்றால், அது தொழிற்கல்வியன்று. பழைய பெரட்டுக்களத்தின் புதிய பெயர்.

மூன்றாவது குரலுக்கு நெடிய மறுமொழி தேவையில்லை. 1974இல் யாழ்ப்பாணத்தில் வளாகம் எழுந்தது. 1978இல் மாத்தறையில் ருகுணு எழுந்தது. 1980களில் கிழக்குப் பல்கலைக்கழகம், 1990களின் நடுவில் ரஜரட்டையும் சப்ரகமுவவும் தென்கிழக்கும், 2005இல் ஊவா வெல்லஸ்ஸ, 2021இல் வவுனியா என்று பிரதேசந்தோறும் பல்கலைக்கழகங்கள் எழுந்தன. ஒவ்வொன்றும் தத்தம் பகுதி மக்களின் வேட்கையால் எழுந்தது. அவற்றால் நாடு துண்டாகவில்லை. அப்பகுதிகளின் பிள்ளைகள் பட்டதாரிகளானார்கள். எங்கள் முறை வரும்போது மட்டும் நாட்டின் ஒற்றுமை நினைவுக்கு வருவது ஏனோ?

நாம் கேட்பது இனத்துக்கு வேலி கட்டிய பல்கலைக்கழகமன்று. வலப்பனையிலும் ஹங்குராங்கெத்தையிலும் வாழும் சிங்கள உழவனின் மகளும் அங்கே படிக்கட்டும். 1840ஆம் ஆண்டு முடிக்குரிய காணிச் சட்டத்தால் கண்டி நாட்டுக் குடியானவன் தன் காட்டையும் சேனையையும் இழந்தான். இழந்த அந்த மண்ணில் உழைக்கவே தமிழ்க் கூலி கொண்டுவரப்பட்டான். ஒருவனிடம் நிலத்தைப் பறித்தவர்களும் மற்றவனிடம் உழைப்பைப் பறித்தவர்களும் ஒரே கூட்டத்தார். பின்னர் வந்த அரசியல்வாதிகள் இவ்விருவரையும் ஒருவர்மேல் ஒருவரை ஏவிவிட்டுப் பதவி பெற்றார்கள். இருவரின் பிள்ளைகளும் ஒரே நூலகத்தில் அமர்ந்து இந்த வரலாற்றைப் படிக்கும் நாள், அந்த அரசியலுக்குக் கெட்ட நாள். மூன்றாவது குரலின் உண்மையான அச்சம் அதுவே.

எத்தகைய பல்கலைக்கழகம் என்பதில் நாம் விழிப்பாயிருக்க வேண்டும். "மலையகம்" என்று பெயர் எழுதிய பலகையும் இரண்டு பாடநெறியும் தந்துவிட்டு, பல்கலைக்கழகம் தந்தோம் என்று மார்தட்டுவார்கள். அல்கோர்னின் கதையை அறிந்தவன் அதற்கு ஏமாறக்கூடாது. விஞ்ஞானம், மருத்துவம், பொறியியல், சட்டம், மானிடவியல் என்று முழுப் பீடங்களும் வேண்டும். பல்கலைக்கழகச் சட்டத்தின்கீழ் உரிய மானியம் வேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கற்கும் வாய்ப்பு வேண்டும். தோட்டத்துப் பதிவேடுகளும், துண்டுகளும், எங்கள் பாட்டிமார் பாடிய பாடல்களும், தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரங்களும் மண்ணாகிப்போகுமுன் சேர்த்துக் காக்கும் ஆவணக் காப்பகம் வேண்டும். இடமில்லை என்று எவரும் சொல்லமுடியாது. 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டபோதும் நிலம் அரசுக்கே உரியதாக இருந்தது. தேயிலைக்கு ஆயிரக்கணக்கான ஏக்கர் தந்த மலை, அறிவுக்குச் சில நூறு ஏக்கர் தராதா? இதனோடு, தமிழ்மொழி உயர்தரப் பாடசாலைகளுக்கு விஞ்ஞான ஆசிரியரும் ஆய்வுகூடமும் உடனே வேண்டும். இல்லையேல் படிக்கட்டில்லாத மாடிவீட்டைக் கட்டியவராவோம். அதில் வேறு யாரோ குடியேறுவார்கள்.

எங்கள் பக்கத்துக் குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. தேர்தல் வரும்போது மேடையில் எழும்பும் பல்கலைக்கழகம், தேர்தல் முடிந்ததும் மேடைப் பந்தலோடு பிரிக்கப்படுவதைப் பலமுறை கண்டுவிட்டோம். தொழிலாளியின் சந்தாவால் வளர்ந்த தலைமைகள் அமைச்சர் பதவிகளை வகித்திருக்கின்றன. அந்தப் பதவிகளின் கணக்கில் பல்கலைக்கழகம் ஏறவில்லை. நாட்கூலி 1,000 ரூபாய்க்கே ஆண்டுக்கணக்கிற் போராடி, 2021இல்தான் வர்த்தமானி காண முடிந்தது. கூலிப் போராட்டம் வயிற்றுக்கு. அதை நாம் தாழ்த்தமாட்டோம். ஆனால் ஒரு சமூகத்தின் கோரிக்கைப் பட்டியல் கூலியோடு முடியுமானால், அதைக் கூலிச் சமூகமாகவே வைத்திருக்க விரும்புவோருக்கு அதைவிட மகிழ்ச்சி வேறில்லை. படித்து முன்னேறி நகரத்தில் குடியேறியபின் ஊர்ப்பெயரைச் சொல்லக் கூசும் எங்கள் கற்ற வர்க்கமும் இதைச் சிந்திக்க வேண்டும்.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே, இந்தக் கோரிக்கையை அரசியல்வாதிகளின் கையில் மட்டும் விட்டுவைக்க வேண்டாம். ஒவ்வொரு பாடசாலையிலும் எத்தனை பிள்ளைகள் உயர்தரம் எழுதினார்கள், எத்தனை பேர் பல்கலைக்கழகம் புகுந்தார்கள், எந்தப் பாடத்துக்கு எத்தனை ஆண்டு ஆசிரியர் இல்லை என்ற விபரங்களை நாமே திரட்டுவோம். சிங்கள ஆசிரிய நண்பர்களிடம் அவர்கள் மொழியிலேயே இதை எடுத்துச் சொல்வோம். தொழிற்சங்கக் கூட்டங்களில் கூலியோடு கல்வியையும் கோரிக்கையாக வைக்கச் செய்வோம். இருநூறு ஆண்டுகளாக இந்த நாடு எங்கள் உழைப்பைப் பெற்றிருக்கிறது. கணக்கப்பிள்ளையின் புத்தகத்தில் எங்கள் பெயருக்கு எதிரே பற்று மட்டுமே எழுதப்பட்டு வந்தது. வரவை இனி நாமே எழுதுவோம். அந்தக் கணக்கை நாட்டின் முன்னே விரித்து வைத்துக் கேட்போம். கடனைத் திருப்பிக் கேட்பதற்குக் கைகூப்ப வேண்டிய தேவையில்லை.